ஆற்று வளைவுக்கு முன்னால்

மார்லோ, கன்சாஸ்
மார்ச் 12, 1978, ஞாயிறு

அன்புள்ள டெல் அண்ணாவுக்கு,

இங்கே மூவரும் சௌக்கியம். மகள் கானிக்குப் பல்லில் கம்பி கட்டியிருக்கிறார்கள், ஒரு வாரமாகச் சூப்பும் புட்டிங்கும்தான் சாப்பாடு. உன் முதுகு எப்படி இருக்கிறது? பனி உருக ஆரம்பித்துவிட்டதா?

சேதிக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை பைலட் லைசென்ஸ் வாங்கிவிட்டேன். நாற்பத்து மூன்று வயதில். பரீட்சை வைக்க வந்தவர் முழு நேரமும் சிரிக்காமல் இருந்தார். இறங்கும்போது நான் தலைக்கு மேலே பின்பக்கம் காட்டும் கண்ணாடியைத் தேடி நிமிர்ந்து பார்த்திருக்கிறேன், பதினொரு வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டிய பழக்கம். "பின் சீட்டுல யாரும் சண்டை போடலைம்மா, முன்னால பாத்து ஓட்டுங்க" என்றார். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டார்.

ஊர்ப் பல் டாக்டரும் தீவனக் கடைக்காரரும் நானும் சேர்ந்து ஒரு சின்ன செஸ்னா விமானம் வைத்திருக்கிறோம். நாலு சீட்டு. ஜூலையில் இரண்டு வாரம் அது எனக்கு. உன் மச்சான் மெர்ல், கானி, நான், கூடாரம், தூண்டில் எல்லாவற்றோடும் நேராக உன் புல் ஓடுதளத்தில் வந்து இறங்குவதாகத் திட்டம். ஏழு வருஷமாக உன்னைப் பார்க்கவில்லை. நீ மலையை விட்டு இறங்க மாட்டாய், அதனால் நான் ஏறி வருகிறேன்.

பயப்படாதே. எங்கள் எஞ்சினை இந்தக் குளிர்காலத்தில்தான் முழுக்கப் பிரித்துச் சரிபார்த்தோம். உன்னைக் கைவிட்டதுபோல இது என்னைக் கைவிடாது.

மெர்லும் கானியும் உன்னை விசாரித்தார்கள். உடனே எழுது.

உன் தங்கை,
லோர்னா

பெக்கர் பண்ணை, ஐடஹோ
மார்ச் 29, புதன்

லோர்னாவுக்கு,

நான் நலம். முதுகு வழக்கம்போல. நீங்கள் மூவரும் நலமாக இருப்பது கேட்டு நிம்மதி.

லைசென்ஸ் வாங்கியதற்கு வாழ்த்துகள். நீ வாங்குவாய் என்று தெரியும். சின்ன வயதிலேயே டிராக்டரை என்னைவிட நேராக ஓட்டியவள் நீ.

இங்கே இன்னும் முழங்கால் அளவு பனி. ஓடுதளம் ஜூன்வரை சேறாகத்தான் இருக்கும். ஜூலையில் வருவதென்றால் மெக்கால் ஊர் வரைக்கும் காரில் வாருங்கள். அங்கிருந்து இந்தப் பக்கம் ஓட்டிப் பழகிய பைலட் யாராவது கொண்டுவந்து விடுவார். உங்களுக்கும் அலைச்சல் இல்லை.

புதன்கிழமைத் தபால் விமானம் வந்துவிட்டது, பைலட் எஞ்சினை அணைக்காமல் காத்திருக்கிறார். கானி பல்லைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

டெல்

மார்லோ
ஏப்ரல் 9, ஞாயிறு

அன்புள்ள டெல் அண்ணாவுக்கு,

எல்லோரும் நலம். கானி இப்போது ரொட்டி தின்கிறாள். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை டின் பீன்ஸ்தானா?

காரில் வா என்று எழுதியிருக்கிறாய். பத்து வருஷம் அந்த ஆற்றுப் பள்ளத்தில் வேட்டைக்காரர்களை ஏற்றி இறக்கிய பைலட் எழுதும் கடிதமா இது? பல் டாக்டரிடம் காட்டினேன், "உங்க அண்ணனுக்கு உங்க மேல நம்பிக்கை இல்லை போல" என்கிறார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் சொன்னார்.

நேற்று மூவரும் தானியக் கிடங்குத் தராசில் ஏறினோம். வரைபடத்தைவிட எடைதான் முக்கியம் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நான் 148 பவுண்டு. கானி 118. மெர்ல் பல வருஷமாக 205 என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். தராசு 226 காட்டியது. "பூட்ஸ் போட்டிருக்கேன்ல" என்றார். கழற்றச் சொன்னேன். 223. "தராசு சரியில்லை" என்றார். கோதுமை விற்க வந்த நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: ஓடுதளம் எத்தனை அடி நீளம், எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, எந்தப் பக்கமிருந்து இறங்க வேண்டும். இன்னொன்று, வந்த மறுநாள் காலையில் நீ என் பக்கத்தில் உட்கார்ந்து ஆற்றின் மேல் ஒரு சுற்று வர வேண்டும். நீ ஜன்னலில் காட்டிக்கொண்டே வர, நான் ஓட்ட வேண்டும். இந்த ஒரு வருஷமும் படிக்கும்போதெல்லாம் இதைத்தான் நினைத்துக்கொண்டேன்.

லோர்னா

பெக்கர் பண்ணை
ஏப்ரல் 26, புதன்

லோர்னாவுக்கு,

நலம். பீன்ஸோடு முட்டையும் சாப்பிடுகிறேன், போதுமா?

கேட்டதற்குப் பதில். நீளம் ஆயிரத்து அறுநூறு அடி. உயரம் மூவாயிரத்து எண்ணூறு. ஆற்றின் எதிர்த்திசையில் வந்து இறங்க வேண்டும், ஆறு போகும் திசையில் கிளம்ப வேண்டும். மேல்முனையில் மலை நிற்கிறது. ஆகவே இறங்க வரும்போது பெரிய பாறையைத் தாண்டிவிட்டால் அப்புறம் மனம் மாறக் கூடாது, இறங்கியே ஆக வேண்டும். கிளம்பும்போது முக்கால் மைல் தள்ளி ஆறு வலதுபக்கம் வளைகிறது. வளைவுக்கு முன்னால் பைன் மரங்களைத் தாண்டும் உயரம் கிடைத்திருக்க வேண்டும்.

காலை பத்து மணிக்குமேல் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. ஒரு தடவைக்கு இரண்டு பேருக்குமேல் வேண்டாம். சாமான் குறைவாக.

மெர்லைக் கேட்டதாகச் சொல்.

டெல்

மார்லோ
மே 7, ஞாயிறு

அன்புள்ள டெல் அண்ணாவுக்கு,

எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு கொஞ்சம் கூடியிருந்தது, மாத்திரை மாற்றியபின் பரவாயில்லை. உன் கடிதம் வந்தால் அவளுக்குத்தான் முதலில் படித்துக் காட்டுகிறேன்.

நீ சொன்ன எண்களை எல்லாம் போட்டுப் பார்த்தேன். டேங்க் நிறைய பெட்ரோல், மூன்று பேர், நூற்றைம்பது பவுண்டு சாமான். விமானத்தின் கையேடு அனுமதிக்கும் எடைக்குள்தான் வருகிறது, இருபது பவுண்டுக்குமேல் மிச்சம். இங்கே அதே எடையோடு நாலு தடவை ஏறிப் பார்த்தேன். பாதி ஓடுதளம்கூடத் தேவைப்படவில்லை.

அப்படியிருக்க இரண்டு பேர்தான் என்று ஏன் சொல்கிறாய்? காரணம் எழுதவில்லையே. நீயே ஐடா அண்ணியையும் ஏற்றிக்கொண்டு, கடைசி சீட்டு நிறைய மான்கறியும் ஏற்றிக்கொண்டு வருஷக்கணக்கில் போய் வந்தவன்தானே. எஞ்சின் நிற்காமல் இருந்திருந்தால் இன்னும் போய்க்கொண்டிருப்பாய். மெர்ல் கேட்கிறார்: "நாம வர்றது அவனுக்குப் பிடிக்கலையோ?" நான் அப்படி இல்லை என்றேன். அப்படி இல்லைதானே?

முதல் வாரம் உன்னிடம், இரண்டாவது வாரம் மொன்டானா. உன்னிடமிருந்து கிளம்பும் நாளில் மத்தியானம் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டுவிட்டு, இரண்டு மணி வாக்கில் ஏறலாம் என்று இருக்கிறோம். கானிக்கு விடியற்காலையில் வயிற்றைப் புரட்டும்.

பதில் எழுது.

லோர்னா

மார்லோ
மே 28, ஞாயிறு

டெல் அண்ணா,

மூன்று புதன்கிழமை போய்விட்டது. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? தபால் விமானக்காரர் வீட்டுக்கு போன் போட்டேன். "நல்லாத்தான் இருக்காரு, வேலி போட்டுக்கிட்டு இருக்காரு, தபால் ஒண்ணும் குடுக்கலை" என்றார்.

வியாழக்கிழமை எங்கள் விமானக் கழகத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். உன் கதையைத்தான் சொன்னேன். பள்ளத்துக்குள் எஞ்சின் நின்றபோது நீ பதறாமல் ஆற்றோரம் ஆழமில்லாத இடம் பார்த்து இறக்கி ஐடாவைக் காப்பாற்றியதை. எல்லோரும் கை தட்டினார்கள். அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

ஜூலை 15 கிளம்புகிறோம். நீ எழுதினாலும் எழுதாவிட்டாலும்.

லோர்னா

பெக்கர் பண்ணை
ஜூன் 14, புதன்

லோர்னாவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. இந்தக் கடிதத்தை ஐந்து தடவை எழுதி அடுப்பில் போட்டேன். இதையும் போட்டுவிடுவேனோ என்று பயந்து, தபால்காரர் காபி குடிக்கும்போதே அவர் எதிரில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எஞ்சின் நிற்கவில்லை.

மரத்தில் மோதும் நொடிவரை அது ஒழுங்காக ஓடியது. அதைவிட நல்ல எஞ்சினை நான் ஓட்டியதில்லை.

செப்டம்பர் தொடக்கம், மத்தியானம் மூன்று மணி. நிழலில் தொண்ணூற்றிரண்டு டிகிரி. இரண்டு வேட்டைக்காரர்கள் வேலிமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய மான்கறியை அன்றைக்கே குளிர்கிடங்கில் சேர்க்கிறேன் என்று வாய்ப்பேச்சு பேசியிருந்தேன். ஐடா, "காலைல போலாமே டெல். காத்தே இல்லை, வெக்கையா இருக்கு" என்றாள். "பத்து வருஷமா ஓட்டுறேன், நீ ஏறு" என்றேன். அவர்கள் காதில் விழும்படி சொன்னேன். ஏறினாள்.

எடை கையேட்டுக்குள்தான் இருந்தது, லோர்னா. உன்னுடையது போலவே. கையேட்டில் அந்த எண் சட்டத்துக்கு. வெயிலுக்கு வேறு பக்கம் இருக்கிறது, அதைப் பார். அந்த வெயிலில் இங்கே காற்று மெலிந்து, விமானத்துக்கு ஏழாயிரம் அடி உயரத்தில் நிற்பதுபோல ஆகிவிடும். எஞ்சினுக்கு மூச்சு போதாது, இறக்கைக்குப் பிடிமானம் போதாது. தரையிலிருந்து எழும்பியது. அதுதான் ஏமாற்று. புல்லுக்கு மேலே பத்தடியில் மிதந்துகொண்டே போனது, அதற்குமேல் ஏறவில்லை. அப்போதே நிறுத்தியிருக்கலாம், வேலியை உடைத்துக்கொண்டு நின்றிருப்போம். அந்த இரண்டு பேர் பார்க்கிறார்களே என்று இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இழுத்தேன். வளைவில் பைன் மரத்து நுனி இடது இறக்கையைப் பிடித்துக்கொண்டது.

ஐடாவின் இடுப்பு உடைந்தது. மறுநாள் காலைவரை அவளை வெளியே கொண்டுபோக முடியவில்லை. எனக்குச் சட்டைப் பித்தான் மட்டும் போயிற்று.

ஆஸ்பத்திரிக்கு அம்மா போன் பண்ணினாள். "எஞ்சின் நின்னுடுச்சாப்பா?" என்று அவளாகவே கேட்டாள். "ஆமாம்மா" என்றேன். நான் சொன்ன பொய் அந்த ஒரு வார்த்தைதான், மிச்சத்தை நீங்கள் எல்லோரும் கட்டிக்கொண்டீர்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. போன் ஐடா கட்டில் பக்கத்தில் இருந்தது. அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். விபத்து பற்றிய அரசாங்க அறிக்கையில் உண்மைதான் இருக்கிறது. யாரும் வாங்கிப் படிக்கவில்லை.

இரண்டு மணிக்கு மூன்று பேரோடு கிளம்புவதாக எழுதியிருக்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன். இல்லாவிட்டால் எழுதியிருக்க மாட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவர் காபியை முடித்துவிட்டார்.

டெல்

மார்லோ
ஜூன் 25, ஞாயிறு

டெல்,

நாங்கள் நலம். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. அது உன் வேலை.

மூன்று நாள் உன்மேல் இருந்த கோபத்தில் பஸ் கொட்டகையைத் தனியாகக் கழுவினேன். நீ பொய் சொன்னதைக்கூட விட்டுவிடுகிறேன். ஐடா உன்னைவிட்டுப் போனபோது நான் அவளுக்கு ஒரு கடிதம் எழுதினேன், உனக்குத் தெரியாது. "உன் உயிரைக் காப்பாற்றியவனை விட்டுவிட்டுப் போகிறாயே, நீயெல்லாம் மனுஷியா" என்று எழுதினேன். அவள் பதில் போடவில்லை. ஒரு வரியில் உன்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். அதை அவள் செய்யவில்லை.

மெர்லுக்கு உன் கடிதத்தை முழுக்கப் படித்துக் காட்டினேன். அப்புறம், "நான் அந்தத் தராசுல மறுபடி ஏறணுமா?" என்று கேட்டார். அவருக்குத் தெரிந்த விதத்தில் அது சம்மதம்.

வருகிறேன், டெல். வேறு மாதிரி வருகிறேன். மூன்று பேரும் பாதி பெட்ரோலோடு சின்னச் சின்னத் தூரமாக மெக்கால் வரைக்கும். அங்கே மலையில் ஓட்டக் கற்றுத்தரும் ஒரு அம்மாளிடம் இரண்டு நாள் பேசி வைத்திருக்கிறேன். போனில் என் அனுபவம் எத்தனை மணி நேரம் என்று கேட்டாள். எழுபத்தெட்டு என்றேன். "நல்லது. தெரியும்னு நினைக்கிற அளவுக்கு இன்னும் வரலை" என்றாள். பிடித்திருக்கிறது. பிறகு முதல் நடை நான் மட்டும். அப்புறம் ஒருவர், அப்புறம் ஒருவர். எல்லாம் காலை பத்து மணிக்குள். மொன்டானா வேண்டாம் என்று எடுத்துவிட்டோம்.

கையேட்டில் நீ சொன்ன பக்கத்தைப் பார்த்தேன். 92 டிகிரிக்கு நான் போட்டிருந்த எடையோடு கணக்கிட்டேன். அந்த மரங்களுக்கு நான் உயரம் போதாமல்தான் வந்திருப்பேன்.

எழுதியதற்கு நன்றி.

லோர்னா

பெக்கர் பண்ணை
ஜூலை 5, புதன்

லோர்னாவுக்கு,

நலம். உன் கடிதத்தைக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.

புல்லை வெட்டிவிட்டேன். பெரிய பாறைமேல் வெள்ளைத் துணி கட்டியிருக்கிறேன், தூரத்திலேயே தெரியும். காற்றின் திசை காட்டும் துணிப்பை புதிது. மான்கள் விடியற்காலையில் ஓடுதளத்தில் மேய்கின்றன, ஆறு மணிக்கு விரட்டிவிடுவேன்.

ஒன்று மட்டும் கேட்காதே. ஆற்றின் மேல் சுற்று வர என்னால் ஏற முடியாது. ஏழு வருஷமாக எதிலும் ஏறவில்லை. தரையிலிருந்து எல்லாம் சொல்லுகிறேன்.

டெல்

மெக்கால்
ஜூலை 19, புதன்

டெல் அண்ணா,

இதைத் தபால் விமானக்காரரிடம் கொடுத்து அனுப்புகிறேன். எல்லோரும் சுகம், நீ வாசலில் நின்று தேடிக்கொண்டிருப்பாய் என்றுதான் அவசரமாக எழுதுகிறேன்.

காலை ஆறே முக்காலுக்கு என் சத்தம் கேட்டதா? உன் பள்ளத்துக்கு இரண்டு மலை மடிப்பு முன்னால்வரை வந்துவிட்டேன். ஆற்றின்மேல் மேகம் படுத்திருந்தது. இடையில் ஒரு சந்து, அதற்குள் உன் பக்கத்து வெயில் தெரிந்தது. போய்விடலாம்போல இருந்தது. கானிக்குக் கை காட்டிவிட்டு வந்திருக்கிறேன், நீ காபி போட்டிருப்பாய், எல்லாம் ஞாபகம் வந்தது. பள்ளம் அகலமாக இருக்கும்போதே திரும்பிவிட்டேன். அந்த அம்மாள் இரண்டு நாளும் என்னிடம் செய்ய வைத்தது அதைத்தான். இறங்கியதும் மெர்ல், "என்ன, வீட்டுல இல்லையா உங்க அண்ணன்?" என்றார். கழகத்தில் எல்லோரும் கை தட்டிய அன்றைவிட இன்று எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது, ஏனென்று கேட்காதே.

மேகம் இப்போது கலைந்துவிட்டது. தபால்காரர் பதினொரு மணிக்குக் கிளம்புகிறார், அவரால் முடியும். அந்த வெயில் எனக்கு வேண்டாம். நாளைக் காலை வருகிறேன். முடியாவிட்டால் நாளன்றைக்கு.

லோர்னா

பாய்சி, ஐடஹோ
ஆகஸ்ட் 2, புதன்

அன்புள்ள லோர்னாவுக்கு,

நீங்கள் மூவரும் வீடு போய்ச் சேர்ந்த தந்தி கிடைத்தது. நான் நலம். அம்மாவின் ரத்தக்கொதிப்பை இந்த வாரம் கவனமாகப் பார்த்துக்கொள். காரணம் கீழே இருக்கிறது.

கடைசி நாள் காலை நான் ஏன் ஏறினேன் என்று நீ கேட்கவில்லை. முந்தின நாளே மெர்லையும் கானியையும் மெக்காலில் விட்டுவிட்டு எனக்காகத் தனியாக ஒரு நடை திரும்பி வந்தாய். "ஐடா இருக்கற பாய்சிக்கு ஒரு சீட்டு இருக்கு. வரலைன்னாலும் பரவாயில்லை" என்று மட்டும் சொன்னாய். அதற்காகவும் நான் ஏறவில்லை. என் பெட்டியைத் தூக்கிப் பார்த்தாயே. "இதுல என்ன இருக்கு?" "புத்தகம், ஜாம் பாட்டில்." "ஜாமை இறக்கு." நான் கெஞ்சினேன், ஐடாவுக்குப் பிடிக்கும் என்றேன். "இறக்கு, டெல்" என்றாய். அப்போதுதான் ஏறலாம் என்று தோன்றியது. வளைவு வந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது மரங்கள் எங்கோ கீழே இருந்தன.

நீ விமான நிலையத்தில் விட்டுப் போனபின் நடந்தே போனேன். ஐடா நூலகத்தில் வேலை செய்கிறாள், வாசலில் காத்திருந்தேன். கைத்தடியோடு வந்தாள். ஏழு வருஷமாகத் தயார் பண்ணிய பேச்சை ஆரம்பித்தேன். "ஐடா, எஞ்சின் நிக்கலை. தப்பு என்னுது."

"தெரியும்" என்றாள். "நான் பக்கத்து சீட்டுலதானே இருந்தேன்."

"எங்கிட்ட எதுக்குச் சொல்றே? தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லு" என்றாள். வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சமையலறை மேசைமேல் காகிதமும் பேனாவும் வைத்தாள். காபி கொடுத்தாள். அவ்வளவுதான், நீயும் வேறு எதையும் எதிர்பார்க்காதே. எனக்கு இங்கே ஒரு ஓட்டலில் அறை. உன் பழைய கடிதத்தை வைத்திருக்கிறாளாம். அதற்குப் பதில் கேட்டு நீயே நேரில் வர வேண்டுமாம்.

அம்மாவுக்கு ஒரு பக்கம் எழுதி முடித்து அவளிடம் காட்டினேன். "விமானம் மரத்தில் மோதியது, ஐடாவின் இடுப்பு முறிந்தது" என்று எழுதியிருந்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள். பேனாவை என் கையிலிருந்து வாங்கி, இரண்டு இடத்தை மட்டும் அடித்துவிட்டு மேலே திருத்தி எழுதினாள்.

விமானத்தை மோதினேன். இடுப்பை முறித்தேன்.

அந்தக் காகிதத்தையே இதனுடன் வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு நீதான் படித்துக் காட்டுவாய் என்று தெரியும். திருத்தத்தோடு படி.

உன் அண்ணன்,
டெல்பர்ட்